மணலில் மூன்று இரவு

பாலைவனத்துக்குப் போகப் போகிறோம் என்று நாங்கள் சொன்னதும் உறவினர் ஒருவர் திகைத்துப் போய், "அங்கே போய் என்னத்தைப் பார்ப்பது? அங்கேதான் ஒன்றுமே கிடையாதே!" என்று கேட்டார். எங்கள் கோஷ்டியைச் சேர்ந்த போட்டோ நண்பர் ஒரு விநாடிகூடத் தயங்கவில்லை. "அந்த ஒன்றுமில்லாததைத்தான் படம் பிடிக்கப் போகிறேன்" என்றார்.

உண்மையில் அவருடைய ஆசைதான் இந்தப் பிரயாணத்துக்குக் காரணம். மனிதன் காலடி படாத ஒரு மணற்குன்று. அதன் மேல் காற்று வரைந்த அலைகள். ஒரு பாதி வெயில், ஒரு பாதி நிழல். வேறு எதுவும் கூடாது. இப்படி ஒரு படம் அவர் மனத்தில் பல வருஷ காலமாகக் குடியிருந்து வந்தது. பூகோள உபாத்தியாயர் ஒருவரும், அவருடைய மனைவியாரும், இந்தக் கட்டுரையை எழுதும் நாமும் அவரோடு சேர்ந்துகொண்டோம். அந்த அம்மாள் ஹிந்தி பிரசார சபையின் பரீட்சைகளை எல்லாம் வரிசையாக எழுதித் தேறியவர். மற்ற மூவருடைய ஹிந்தி, ரயில் நிலையத்தில் தேநீர் வாங்குவதற்கு மட்டுமே போதுமானது. ஆகையால் கோஷ்டியின் வாய் அவர்தான் என்று புறப்படும்போதே முடிவாகிவிட்டது.

போனது மார்கழி மாதக் கடைசியில். கோடையில் தார்ப் பாலைவனத்தின் வெயில் 45 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும். குளிர்காலத்திலோ பகலில் இதமான வெயில். இரவில் எலும்பை ஊடுருவும் குளிர். படம் பிடிக்கிறவர்களுக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. மார்கழியில் சூரியன் தெற்கே ஒதுங்கிவிடுவதால், ஜைசால்மேர்ப் பக்கத்தில் நடுப்பகலில்கூட அது அடிவானத்திலிருந்து 40 டிகிரி உயரத்துக்கு மேல் அதிகம் ஏறுவதில்லை. நாள் முழுவதும் சாய்ந்த வெயில். மணலுக்கு உருவம் கொடுப்பது நிழல். நிழலைக் கொடுப்பது சாய்ந்த வெயில்.

ஜைசால்மேர் நகரத்தைப் பற்றி இங்கே விஸ்தரிக்கப் போவதில்லை. 1156-ஆம் வருஷத்தில் ராவல் ஜைசல் தோற்றுவித்த அந்தக் கோட்டையைப் பற்றியும், மஞ்சள் கல்லில் இழைத்த ஹவேலிகளைப் பற்றியும் எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். சத்யஜித் ராய் 1974-ல் வெளியிட்ட 'சோனார் கேல்லா' என்னும் வங்காளிப் படம் அதற்குப் பொற்கோட்டை என்றே பெயர் சூட்டிவிட்டது.

நகரத்துக்கு மேற்கே சுமார் 40 கிலோ மீட்டரில் ஸம் என்னும் ஊர் இருக்கிறது. மணற்குன்று பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் அங்கேதான் போகிறார்கள். நாங்களும் ஒரு மாலை போனோம். வாடகைக் கூடாரங்கள் வரிசை வரிசையாக நின்றன. ஜீப்புகள் குன்றுகளின் மேல் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தன. ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு. அஸ்தமனத்தைத் தரிசிப்பதற்காகக் குன்றின் உச்சியில் கூடியிருந்த ஜனத்திரளைக் கண்டபோது மயிலாப்பூர் அறுபத்துமூவர் உற்சவந்தான் எங்களுக்கு ஞாபகம் வந்தது. காலடி படாத மணலைத் தேடி வந்த நண்பர் ஐந்து நிமிஷம் நின்று பார்த்தார். காமிராவை அவர் பெட்டியிலிருந்து வெளியில் எடுக்கவே இல்லை.

ஆகவே மறுநாள் தென்மேற்கே திரும்பி, 40 கிலோ மீட்டருக்கு மேல் பிரயாணம் செய்து, குரி என்னும் கிராமத்தை அடைந்தோம். மண்சுவரும் புல் வேய்ந்த கூரையுமாகப் பல வீடுகள். சுவர்களில் வெள்ளைக் கோலங்கள். அங்கே எங்களுக்குக் கிடைத்த ஒட்டகக்காரர் அறுபது வயதைத் தாண்டிய பெரியவர். ஊரில் எல்லோரும் அவரைக் 'காகா-ஸா' என்று அழைத்தார்கள். சிற்றப்பா என்று அர்த்தமாம். முதல் நாள் எங்களுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது. இரண்டாவது நாளிலிருந்து அதே வார்த்தை எங்கள் வாயிலும் மரியாதையாகவே வந்தது. அவர் எங்களை 'ஹுகும்' என்பார். அம்மாளை மட்டும் 'பாயீ-ஸா' என்று, பெண்ணையோ தங்கையையோ கூப்பிடுவது போல் அழைப்பார்.

காகா-ஸாவின் தகப்பனாரிடம் எழுபது ஒட்டகங்கள் இருந்தனவாம். இவரிடம் இருப்பவை மூன்று. இது ஒரு குடும்பத்தின் கதை மட்டும் அல்ல. 2012-ஆம் வருஷக் கணக்கெடுப்பில் ராஜஸ்தானத்தில் ஏறக்குறைய 3.26 லட்சம் ஒட்டகங்கள் இருந்தன. 2019-ல் அவை 2.13 லட்சமாகக் குறைந்துவிட்டன. 2014-ல் ஒட்டகத்தை அந்த ராஜ்யத்தின் மிருகம் என்று அறிவித்தார்கள். 2015-ல் அதை வெட்டுவதைத் தடை செய்தும், வெளி ராஜ்யங்களுக்கு ஓட்டிச் செல்வதைக் கட்டுப்படுத்தியும் சட்டம் செய்தார்கள். இதைப் பற்றி அம்மாள் விசாரித்தபோது, காகா-ஸா சிறிது நேரம் ஒட்டகத்தின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். "வெட்டக் கூடாது என்பது சரிதான், பாயீ-ஸா. வாங்குவதற்கு ஆள் வேண்டாமா? பாரம் இழுக்க டிராக்டர் வந்துவிட்டது. எங்கே சந்தைக்குக் கொண்டு போகிறது?" என்றார்.

*

கூடாரம் அடிப்பதிலேயே எங்கள் பட்டணத்து ஞானம் வெளிப்பட்டது. இரண்டு குன்றுகளுக்கு நடுவே காற்றுப் படாத பள்ளம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். காகா-ஸா தலையை அசைத்தார். இரவில் குளிர்ந்த காற்றுக் கனத்துத் தண்ணீரைப் போல் பள்ளத்தில் வந்து தேங்கும் என்றும், சரிவில் பாதி உயரத்தில் படுத்தால் அவ்வளவு விறைக்காது என்றும் சொன்னார். அப்புறம் முளைகள். மணலில் அடித்த முளை, வெண்ணெயில் செருகிய கத்தி மாதிரி வந்துவிட்டது. அவர் சுள்ளிக் கட்டுகளில் கயிற்றைக் கட்டி, முழ ஆழத்தில் படுக்கையாகப் புதைத்து, மேலே மணலைத் தள்ளி மிதித்தார். மூன்று இரவும் அந்தக் கூடாரங்கள் அசையவில்லை.

முதல் மாலையே நண்பர் குன்றின் மேல் ஏறினார். ஏறியவர் முகம் சுண்டிவிட்டது. தூரத்தில் இருந்து பார்க்கும்போது கன்னிமணலாகத் தோன்றிய இடத்தில் ஆட்டுக் குளம்பின் சுவடுகள். அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நரியின் சுவடு. போதாக்குறைக்கு வண்டுகள் தையல் போட்டாற்போல் நூற்றுக்கணக்கான கோடுகள். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய விரோதி அவருடைய சொந்தக் காலே. ஒரு நல்ல கோணத்துக்காகப் பத்து அடி முன்னால் போனால், அந்தப் பத்து அடியும் அடுத்த படத்தில் குழிகுழியாக வந்து நிற்கிறது. இதற்காக அவர் ஒரு சட்டம் போட்டார்: குன்றின் பின்பக்கமாகவே ஏற வேண்டும், ஒருவர் வைத்த அடியிலேயே மற்றவர் அடி வைக்க வேண்டும். அன்று முதல் நாங்கள் நால்வரும் கட்டெறும்பு வரிசையாகவே நடமாடினோம்.

மணற்குன்று எப்படி உண்டாகிறது என்று பூகோள உபாத்தியாயர் அங்கேயே உட்கார்ந்து விளக்கினார். சிரமப்பட்டு ஏறி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபடியால் நாங்கள் தப்பி ஓட வழியில்லை. ஆனால் விஷயம் ரஸமானதுதான். மணல், தூசியைப் போல் காற்றில் மிதந்து போவதில்லை. குதித்துக் குதித்துப் போகிறது. காற்று மணிக்கு ஏறக்குறைய 20 கிலோ மீட்டர் வேகத்தைத் தொட்டால் மணல் மணிகள் எழும்பத் தொடங்கும். குதித்து விழும் மணி மற்றொரு மணியை எற்றிவிடும். நாம் காணும் அலை அலையான கோடுகள் இந்தக் குதியாட்டத்தின் விளைவுதான். இதைத் தீர ஆராய்ந்தவர் பாக்னால்டு என்னும் ஆங்கிலேய ராணுவ என்ஜினீயர். லிபியப் பாலைவனத்தில் மோட்டாரில் சுற்றியலைந்து, பிறகு தாய்நாட்டில் ஒரு காற்றுச் சுரங்கம் அமைத்து மணலைப் பறக்கவிட்டுச் சோதித்து, 1941-ல் அவர் ஒரு புஸ்தகம் வெளியிட்டார். மணற்குன்றுகளை ஆராய்கிறவர்கள் இன்னும் அதைப் புரட்டாமல் இருப்பதில்லை.

தார்ப் பிரதேசத்தில் பலமாக அடிப்பது கோடைக்காலத்துத் தென்மேற்குக் காற்று. ஆகவே குன்றின் தென்மேற்குப் பக்கம் மெல்லச் சரிந்து இருக்கிறது. அந்தப் பக்கமாக ஏறும் மணல், உச்சியைத் தாண்டியதும் மறுபுறம் சரிந்து விழுகிறது. காய்ந்த மணல் 34 டிகிரிச் சரிவுக்கு மேல் நிற்காது. அதனால் வடகிழக்குப் பக்கம் எங்கே பார்த்தாலும் ஒரே அளவான செங்குத்தாக இருக்கிறது. இந்தப் பூகோளப் பாடத்தில் நண்பருக்கும் ஒரு லாபம் கிடைத்தது. குளிர்கால மாலையில் சூரியன் தென்மேற்கே இறங்கும்போது மெல்லிய சரிவு பொன்னாக எரிகிறது; மறுபக்கம் முழு நிழல்; நடுவே உச்சி விளிம்பு வாள் முனை போல் ஓடுகிறது. நிழலுக்குள் உற்றுப் பார்த்தால் அது கறுப்பு அல்ல. ஆகாயத்தின் நீலம் அதில் படிந்திருக்கிறது.

"இந்த அலைகள் இன்னும் கூர்மையாக இருக்க வேண்டுமே?" என்று நண்பர் குறைப்பட்டார். காகா-ஸா சிரித்தார். "காற்று வைசாகத்தில் வரும், ஹுகும். நீங்கள் பௌஷத்தில் வந்திருக்கிறீர்கள். அப்போது வந்தால் கோடு நன்றாக இருக்கும். பார்ப்பதற்குக் கண்தான் இருக்காது."

காமிராவுக்கு மணலைப் போல் சத்துரு வேறில்லை. மூன்று நாளும் நண்பர் லென்ஸை மாற்றவில்லை. ஒரே லென்ஸோடு காமிராவைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஒரு துவாரம் மட்டும் விட்டு வைத்திருந்தார். பாட்டரியைக் கைக்குழந்தையைப் போல் உள்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தூங்கினார். குளிரில் வெளியே கிடந்தால் காலையில் அதில் பாதிச் சக்தி இராதாம். மற்றொன்றும் கற்றுக்கொண்டோம். காமிரா தானாக வெளிச்சத்தை அளந்தால், பளிச்சென்ற மணலைக் கண்டு ஏமாந்துபோய்ப் படத்தை மங்கலாக்கிவிடுகிறது. அது சொல்வதைவிட ஒரு படி அதிகமாக வெளிச்சம் விட்டால்தான் மணல் மணலாக விழுகிறது.

ராத்திரிச் சாப்பாடு கம்பு ரொட்டி, பூண்டுச் சட்டினி, கேர்-சாங்கிரிக் கறி. சாங்கிரி என்பது கேஜ்ரி மரத்தின் நெற்று. அந்த மரத்தை மறுநாள் காட்டினார்கள். பார்த்தால் நம் ஊர்க் கோவில்களில் ஸ்தல விருட்சமாக நிற்கும் வன்னி மரம்! பாண்டவர்கள் ஆயுதங்களை ஒளித்து வைத்ததாகச் சொல்லும் அதே சமீ விருட்சம். ஜோத்பூருக்கு அருகிலுள்ள கேஜட்லி கிராமத்தில் 1730-ல் ராஜாவின் ஆட்கள் இந்த மரங்களை வெட்ட வந்தபோது, அம்ருதா தேவி என்னும் பெண்மணி மரத்தைக் கட்டிக்கொண்டு உயிரை விட்டாள். அவளைத் தொடர்ந்து அன்று உயிர் துறந்த பிஷ்ணோய்கள் 363 பேர் என்று சொல்கிறார்கள். நம் ஊரில் மூன்று முறை பிரதட்சிணம் செய்துவிட்டுப் போகிறோம்; இங்கே அது சோறும் நிழலும் தீவனமுமாக நிற்கிறது.

*

இரண்டாவது நாள் பகலில் அம்மாள் கிராமத்துப் பெண்களோடு தண்ணீருக்குப் போனார். திரும்பி வந்து, "நீங்கள் எல்லோரும் வந்து பார்க்க வேண்டும்" என்று எங்களை இழுத்துக்கொண்டு போனார். குன்றுகள் முடியும் இடத்தில், தரையோடு தரையாகச் சில துவாரங்கள். மரப்பலகை போட்டு மூடியிருந்தார்கள். வாய் ஒரு பெரிய அண்டாவைவிட அகலம் இல்லை. அவற்றைப் 'பேரி' என்கிறார்கள். வேறு இடங்களில் 'குயீ' என்று பெயர். இவற்றின் மர்மத்தை அனுபம் மிஸ்ரா என்னும் அறிஞர் 1995-ல் ஹிந்தியில் எழுதிய 'ராஜஸ்தான் கீ ரஜத் பூந்தேன்' என்ற நூலில் அழகாக விளக்கியிருக்கிறார்.

அந்த நாட்டார் தண்ணீரில் மூன்று ஜாதி காண்கிறார்கள். மழை பெய்து தரையில் ஓடித் தேங்குவது பாலர் பானி. பூமியின் ஆழத்திலிருந்து இறைப்பது பாதாள பானி. இது பெரும்பாலும் உவர். இரண்டுக்கும் நடுவே மணலுக்குள் ஈரமாக ஒளிந்து நிற்பது ரேஜாணி பானி. சில பகுதிகளில் மணலுக்கு அடியில் ஜிப்ஸம் பாறை ஒரு பட்டையாக ஓடுகிறது. மணல் குடித்த மழை அந்தப் பட்டையின் மேல் தங்கிவிடுகிறது. கீழே உள்ள உவர்நீரோடு கலப்பதில்லை. களிமண்ணாக இருந்தால் வெயிலில் வெடித்து, வெடிப்பின் வழியே ஈரமெல்லாம் ஆவியாகிவிடும். மணல் வெடிப்பதில்லை, பிடித்ததை விடுவதில்லை. அதற்குள் ஒரு குறுகிய கிணற்றை இறக்கினால், சுற்றுப்புறத்து ஈரம் துளித் துளியாகக் கசிந்து சேர்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று குடம் கிடைக்கும்.

தோண்டுகிறவன் குந்தியபடியே இறங்க வேண்டும். தலையில் ஓர் உலோகப் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொள்வானாம். மேலே நிற்பவர்கள் கைப்பிடி மணலை வேகமாக உள்ளே எறிந்துகொண்டே இருப்பார்கள். அது எதற்கு என்று கேட்டோம். விழுகிற மணல் மேலுள்ள நல்ல காற்றையும் கூடவே தள்ளிக்கொண்டு போகிறது; உள்ளே உள்ள புழுக்கக் காற்று மேலே வருகிறது. மூச்சு விடுவதற்குக்கூட அவர்கள் மணலையே வேலைக்கு வைத்துக்கொண்டிருக்கிறார்கள்!

1958-ல் வெட்டத் தொடங்கி, பிற்காலத்தில் இந்திரா காந்தி பெயரைப் பெற்ற கால்வாய், பாலைவனத்தின் பல பகுதிகளுக்குத் தண்ணீரைக் கொண்டு வந்துவிட்டது. குழாய்களும் வந்திருக்கின்றன. பேரிகளில் பாதி தூர்ந்து கிடந்தன. "குழாயில் வராத அன்றைக்குத்தான் இதை நினைத்துக்கொள்கிறோம்" என்றாள் ஒரு பெண். அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்தோம். அதில் இனிப்போ உப்போ இல்லை. மணலின் வாசனை மட்டும் லேசாக இருந்தது.

நண்பர் காமிராவைத் தூக்காமல் நிற்பதைப் பார்த்து அம்மாள் காரணம் கேட்டார். "இதில் படம் என்ன இருக்கிறது, அண்ணி? ஒரு துவாரமும் ஒரு பலகையும்" என்றார் நண்பர்.

"ஒன்றுமில்லாததைப் படம் பிடிக்கிறேன் என்று இவ்வளவு தூரம் வந்தீர்கள். இங்கே ஒன்று இருக்கிறது என்று காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்களே?" என்றார் அம்மாள். உபாத்தியாயர் சட்டென்று வானத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

அங்கே பார்ப்பதற்கு விஷயமும் இருந்தது. மேற்கே மேகம் கூடியிருந்தது. அன்று இரவு கூடாரத்தின் மேல் மெல்லிய தூறல் விழுந்தது. 'மாவட்' என்று காகா-ஸா குதூகலித்தார். குளிர்காலத்தில் எப்போதாவது கிடைக்கும் மழைக்கு அந்தப் பெயர். புல்லுக்கும் கடலைப் பயிருக்கும் அது அமிருதம். நண்பரோ, மணல் நனைந்துவிட்டதே என்று கம்பளிக்குள் புலம்பினார். ஒரே தூறல் இருவருக்கும்!

*

மூன்றாவது நாள் விடியற்காலையில் விழித்தபோது கூடாரத்தில் நண்பர் இல்லை. வெளியே எதிரில் நிற்கும் ஒட்டகத்தின் தலை தெரியாதபடி மூடுபனி. முந்திய மாலை தூரத்தில் ஒரு குன்றை அவர் கண் வைத்திருந்தார்; விடியுமுன்னே தனியாக அங்கே போய்விட நினைத்திருக்கிறார். அவருடைய செல்போன் தலையணைக்கு அடியில் பத்திரமாக இருந்தது. முதலில் சிரித்தோம். ஒரு மணி நேரம் ஆயிற்று. பெயரைச் சொல்லிக் கூவிப் பார்த்தோம். பனி எங்கள் குரலை அப்படியே விழுங்கிவிட்டது. அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. அவருக்குச் சர்க்கரை வியாதி உண்டு என்பதையும், காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போயிருக்கிறார் என்பதையும் அம்மாள்தான் மெல்லிய குரலில் ஞாபகப்படுத்தினார்.

காகா-ஸா கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு கூடாரத்தைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். அந்தப் பிரதேசத்தில் 'கோஜி' என்று சொல்லப்படும் அடி பார்க்கிறவர்கள் பேர்போனவர்கள். தொலைந்த ஒட்டகத்தையும், ஓடிய திருடனையும் சுவட்டைக் கொண்டே பிடித்துவிடுவார்கள். காகா-ஸா தொழில்முறைக் கோஜி அல்ல. ஒட்டகம் மேய்த்தவருக்கு அந்த வித்தை தானாகவே படிந்திருந்தது. இரவில் பெய்த தூறல் பழைய சுவடுகளை எல்லாம் கரைத்து, மணலை ஈரமாக வைத்திருந்தது. அதன் மேல் நண்பரின் பூட்ஸ் அடி, மெழுகில் பதித்த முத்திரை போல் விழுந்திருந்தது.

நாங்கள் பின்னாலேயே போனோம். காகா-ஸா நடந்துகொண்டே படித்தார். புஸ்தகம் படிப்பது போல் என்றுதான் சொல்ல வேண்டும். "இங்கே பெட்டியைக் கீழே வைத்தார். பாருங்கள், நாலு மூலை. வலது தோளில் மாட்டியிருக்கிறார். வலது கால் ஆழமாக இறங்குகிறது. இங்கே நின்று யோசித்தார். இங்கேயிருந்து வேகமாக நடக்கிறார்." சிறிது தூரம் போனதும் அவர் பேசுவதை நிறுத்திவிட்டார். சுவடு வலப்புறமாக வளைந்து வளைந்து, தன்னைத் தானே ஒரு முறை வெட்டிக்கொண்டு போயிற்று. சூரியனும் சந்திரனும் தெரியாத இடத்தில் மனிதன் நேராக நடப்பதாக நினைத்துக்கொண்டே வட்டமிடுவான் என்பதை, ஸஹாரா பாலைவனத்திலும் ஒரு ஜெர்மன் காட்டிலும் சோதித்து 2009-ல் வெளியிட்டிருக்கிறார்கள் என்று உபாத்தியாயர் பிற்பாடு சொன்னார். அந்தச் சமயத்தில் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கூடாரத்திலிருந்து முக்கால் கிலோ மீட்டர்கூட இராத ஓர் எருக்கம் புதரடியில் நண்பர் உட்கார்ந்திருந்தார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. அம்மாள் முடிச்சிலிருந்து வெல்லக்கட்டியை எடுத்து அவர் வாயில் போட்டார். காகா-ஸா தம் கம்பளியை அவிழ்த்து அவரைச் சுற்றினார். வெகு நேரம் கழித்து நண்பர், "எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்டார்.

"மணலிடம் கேட்டோம், ஹுகும்" என்றார் காகா-ஸா.

பனி விலகி வெயில் வந்தபோது எங்கள் நாலு பேருடைய சுவடுகளும், நடுவே அந்த வட்டமும், குன்றின் சரிவில் தெளிவாகத் தெரிந்தன. நண்பர் எழுந்து போய், ஒன்றையும் மிதிக்காமல் ஓரமாக நின்று அதைப் படம் பிடித்தார். வழியில் பேரியையும் படம் பிடித்தார். பலகையையும், அதன் மேல் இருந்த கயிற்றையும், கயிறு அறுத்த தழும்புகளையும்.

நமக்கு ஒரு குறை உண்டு. கானமயிலைப் பார்க்கவில்லை. ஒரு காலத்தில் நம் தமிழ்நாட்டிலும் திரிந்த அந்தப் பெரும் பறவை, நாடு முழுவதிலும் இப்போது 150-க்கும் குறைவாகவே எஞ்சியிருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை இந்த ஜைசால்மேர்ப் பக்கத்தில்தான். மின்சாரக் கம்பிகளில் மோதி அவை மடிவதைப் பற்றி 2021-ல் சுப்ரீம் கோர்ட்டே உத்தரவு போட வேண்டியதாயிற்று. போகிற வழியெல்லாம் கம்பிகளைத்தான் பார்த்தோம்.

புறப்படும் சமயத்தில், எங்களுக்குச் செய்த உபகாரத்துக்கு என்ன கொடுக்கலாம் என்று காகா-ஸாவைக் கேட்டோம். பேசிய கூலிக்கு மேல் ஒரு காசும் அவர் வாங்கிக்கொள்ளவில்லை. வெகு நேரம் வற்புறுத்திய பிறகு, தம்மையும் தம் ஒட்டகத்தையும் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பினால் போதும் என்றார். நண்பர் உற்சாகமாக அவரைக் குன்றின் அடிவாரத்துக்கு அழைத்துப் போய், பொன் வெயிலில் நிறுத்தி, காமிராவை உயர்த்தினார். காகா-ஸா கையை ஆட்டித் தடுத்தார்.

"இங்கே வேண்டாம், ஹுகும். பின்னால் மணல் வருகிறது. வீட்டு வாசலில் கேஜ்ரி மரம் இருக்கிறது. அங்கே எடுங்கள்."

அங்கேதான் எடுத்தோம்.